உப்புக் காற்றில் நின்ற வண்டி

ராதாபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்து ஊர் ஒன்றில், ஓலைக் கொட்டகைக்குள் அந்த வண்டியை முதன்முதலாகப் பார்த்தபோது அதை வாங்கப்போவது நான்தான் என்று எனக்குத் தெரியாது. நான் கடல் பார்க்கப் போயிருந்தேன். வண்டி பார்க்கப் போனவர் என் கணவர்.

அவர் அரசுப் பேருந்து ஓட்டுநர். பாபநாசத்துக்கும் திருநெல்வேலிக்கும் இடையில் இருபத்து மூன்று வருடமாக ஓட்டுகிறார். நான் விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில், நூலின் முறுக்கையும் வலுவையும் சோதிக்கிற பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஒரே மகள் கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போன வருடம் வீட்டில் சத்தம் குறைந்துபோனது. அவர் டூட்டி முடிந்து வந்ததும் போனை எடுத்து வைத்துக்கொண்டு, மலைப்பாதையிலும் ஆற்று மணலிலும் போகிற உயரமான பைக்குகளின் படங்களைப் பார்க்கத் தொடங்கினார். அதற்கு அட்வெஞ்சர் டூரிங் பைக் என்று பெயர், மாதக்கணக்கில் ஊர் சுற்றுவதற்கென்றே செய்தது என்று எனக்கும் சொன்னார்.

“ரூட் போர்டு இல்லாம ஒரு நாளாவது ஓட்டணும்ட்டி.”

“எங்கன போறதுக்கு?”

“அது தெரிஞ்சிட்டா அப்புறம் அதுவே ரூட் போர்டுதானே.”

புதிது வாங்குவதெல்லாம் எங்களுக்கு ஆகாத காரியம். கப்பலில் வேலை பார்த்த ஒருவரிடம் அப்படி ஒரு வண்டி மூன்று வருடமாகச் சும்மா நிற்கிறது என்று என் கணவரின் பஸ் கண்டக்டர் எங்கேயோ கேட்டு வந்து சொன்னார். அடுத்த வார ஓய்வு நாளில் கிளம்பினோம். நான் கூடப் போனதற்கு ஒரே காரணம், கடலைப் பார்த்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது.

வண்டிக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். கப்பலின் இன்ஜின் அறையில் வேலை செய்தவர். ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பலைக் கட்டியிருந்த வடம் அறுந்து வீசியடித்ததில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. நேற்று மழை பெய்தது என்று சொல்வதுபோல அதைச் சொன்னார். இப்போது செயற்கைக் கால் போட்டுக்கொண்டு, மீன்பிடிப் படகுகளின் இன்ஜின்களை வீட்டிலேயே பழுது பார்க்கிறார். கப்பலிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இந்த வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே போய்விடுவாராம். பைக்கில் கியர் மாற்றுவது இடது கால். அந்தக் கால் போன பிறகு வண்டி கொட்டகைக்குள் போய்விட்டது.

தார்ப்பாயை அவர் இழுத்ததும் நான் ஒரு அடி பின்னால் நகர்ந்துவிட்டேன். பைக் என்றால் என் மனதில் இருந்த அளவு வேறு. இது ஒரு காளை எழுந்து நிற்கிற மாதிரி, முன்சக்கரம் என் இடுப்பைத் தொடும் உயரத்தில், கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. பெட்டி மாட்டுவதற்கு இரண்டு பக்கமும் கம்பிச் சட்டம். முன்னால் கீறல் விழுந்த காற்றுத் தடுப்பு. கம்பிகளில் எல்லாம் உப்பு பூத்திருந்தது. சைலன்ஸர் பொரிப்பொரியாகத் துருப்பிடித்திருந்தது. சீட்டின் கிழிசலில் பல்லி முட்டையிட்டிருந்தது. ஓடிய கிலோமீட்டர் கணக்கு அறுபதாயிரத்தைத் தாண்டி நின்றது. இத்தனையும் இருந்தும் அது பரிதாபமாகத் தெரியவில்லை. எங்கெங்கேயோ போய்விட்டு வந்து அசதியில் நிற்கிறதாகத்தான் தோன்றியது.

“இன்ஜின் இறுகிப்போச்சு, மறைக்க ஒண்ணுமில்ல” என்றார் வண்டிக்காரர். “நெறைய பேர் வந்து கேட்டாவ. பாதிப் பேருக்கு சாமான் கழட்ட வேணும். அதுக்குக் குடுக்க மாட்டேன். ஓட்ட வேணும்னு வாறவங்களுக்கு நான் ஒண்ணு வைப்பேன். அதுல தேறுனா எடுத்துக்கிடலாம்.”

“என்னது?” என்றார் என் கணவர்.

அவர் வண்டியைக் கொட்டகைக்கு வெளியே மணலுக்குத் தள்ளிவந்தார். பிறகு, குழந்தையைப் பாயில் கிடத்துகிற மாதிரி, பையப் பைய அதை வலது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“தூக்குங்க அண்ணாச்சி. வடக்க மலையில மேல போகப் போக ஆள் நடமாட்டம் இருக்காது. அங்கன விழும். கட்டாயம் விழும். தூக்கத் தெரியாதவங்க கையில குடுத்தா அவங்களுக்கும் ஆபத்து.”

என் கணவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குனிந்தார். ஹேண்டில் பாரைப் பிடித்து ஒரே மூச்சில் இழுத்தார். வண்டி முழ உயரம் எழுந்தது, மணல் சறுக்கியது, மறுபடி படுத்தது. இரண்டாம் தடவை இன்னும் குறைவாக எழுந்தது. மூன்றாம் தடவை இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “யப்பா” என்று அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்போ வேண்டாம் அண்ணாச்சி” என்றார் வண்டிக்காரர். அந்தக் குரலில் ஏமாற்றம்தான் இருந்தது.

எனக்கு அப்போது என்ன வந்தது என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கணவருக்காக வந்த ரோஷம் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் அதைவிட, அவ்வளவு உயரமாக நின்ற ஒன்று மணலில் கன்னம் பதித்துக் கிடந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மில்லில் நூல் கோன் ஏற்றிய தள்ளுவண்டி எப்போதாவது கவிழ்ந்துவிடும். பெண்கள்தான் நிமிர்த்துவோம். யாரும் கையால் இழுப்பதில்லை. முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, காலால் பின்னோக்கித் தள்ளி எழுவோம்.

“நான் பாக்கட்டுமா?” என்றேன்.

“ஏட்டி, சும்மா இரு” என்றார் என் கணவர் கீழே இருந்து.

வண்டிக்காரர் மட்டும், “அந்தப் பக்கம் சைடு ஸ்டாண்டை முதல்ல இறக்கி விட்டுருங்கக்கா. இல்லாட்டி எந்திச்ச வேகத்துல மறுபக்கம் போயிரும்” என்றார்.

இறக்கி விட்டேன். சேலையை இழுத்துச் செருகினேன். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் விளிம்பில் இடுப்பை அழுத்தி உட்கார்ந்தேன். ஒரு கை ஹேண்டில் பாரில், ஒரு கை பின்பக்கச் சட்டத்தில். குதிகாலை மணலில் புதைத்து, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் வைத்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முதுகில் அந்தப் பாரம் ஏறியது. இருநூறு கிலோ என்று பின்னால் சொன்னார்கள். என் தொடை நடுங்கியது. காதுக்குள் ரத்தம் அடிக்கிற சத்தம் கேட்டது. ஒரு கட்டத்துக்கு மேல் பாரம் திடீரென்று குறைந்தது. வண்டி தானாகவே நிமிர ஆசைப்பட்டதுபோல எழுந்து, மறுபக்கம் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தது.

நான் திரும்பி அதைப் பார்த்தேன். அது நின்றுகொண்டிருந்தது. நான் நிறுத்தியிருந்தேன்.

“அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீய” என்றார் வண்டிக்காரர். “வண்டி அக்காவுக்குத்தான்.”

என் கணவர் மணலில் உட்கார்ந்தபடியே சிரிக்க ஆரம்பித்தார். சிரித்தால் இடுப்பு வலித்தது. வலியில் அழுதுகொண்டே சிரித்தார். ஆர்.சி. புத்தகம் என் பெயருக்கு மாறியது அப்படித்தான்.

குட்டியானை வேனில் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் வீட்டுச் சந்தில் இறக்கியபோது பக்கத்து வீடுகள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. முதல் வேலையாகக் கழுவினோம். இன்ஜினுக்கு அடியில் கல் அடிக்காமல் ஒரு கனத்த தகடு இருந்தது. அதைக் கழற்றினால் உள்ளே மண் அப்பிக் கிடந்தது. கரண்டியால் சுரண்டிப் பழைய பேப்பரில் போட்டேன். மேலே கடற்கரை மணல். அதற்குக் கீழே தேரிக்காட்டுச் செம்மணல். பிறகு களிமண்போல இறுகின கறுப்பு. எல்லாவற்றுக்கும் அடியில், விபூதி நிறத்தில், விரலில் எடுத்தால் நிற்காமல் பறக்கிற ஒரு தூசி.

அது என்ன மண் என்று தெரியாமல் வண்டிக்காரருக்குப் போன் செய்து கேட்டேன்.

“அது இமயமலைக்கு அங்கிட்டு உள்ள மண்ணுக்கா” என்றார். “அங்கன மரமே கெடையாது. நாள் முழுக்க ஓட்டுனாலும் பச்சைன்னு ஒண்ணு கண்ணுல படாது. ஆனா வானத்தைப் பாத்தா... எப்படிச் சொல்லுதது, கிட்டக்க இருக்கும்.”

போனை வைத்துவிட்டு அந்தப் பேப்பரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் ஆக்ராகூடப் போனதில்லை. என் வீட்டு வாசலில், முருங்கை மரத்துக்குப் பக்கத்தில், மரமே இல்லாத ஒரு தேசத்தின் மண் ஒரு கைப்பிடி கிடந்தது. கூட்டித் தள்ள மனம் வரவில்லை. முருங்கையின் தூரிலேயே கொட்டினேன்.

ஊரிலிருந்த பைக் மெக்கானிக்குகள் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு வேறு இன்ஜின்தான் வைக்க வேண்டும் என்று போய்விட்டார்கள். கடைசியில் ஆழ்வார்குறிச்சியில் பவர் டில்லரும் அறுவடை இயந்திரமும் பழுது பார்க்கிற ஒருவர் வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அதிகம் பேசமாட்டார். பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் டார்ச் அடித்து ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் பார்த்தார்.

“உப்புக் காத்து உள்ள இறங்கியிருக்கு. பிஸ்டன் சிலிண்டர் சுவரோட ஒட்டிக்கிட்டு நிக்கி. அடிச்சா ஒடையும். கெஞ்சணும்.”

“எப்படிக் கெஞ்ச?” என்று கேட்டேன்.

பிளக் துவாரம் வழியாக டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும். பின்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி நிறுத்தி, அசைவு பிஸ்டனுக்குப் போகும்படி கடைசிக் கியரில் போட்டு, சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். பலம் காட்டக் கூடாது. தினமும் செய்ய வேண்டும். எத்தனை நாள் என்று கேட்டால், “அது சொல்லும்” என்றார்.

என் வேலை மூன்று மணிக்கு முடியும். வீட்டுக்கு வந்ததும் சேலையை மாற்றிவிட்டுச் சக்கரத்துக்கு முன் உட்கார்ந்துவிடுவேன். அரை மணி நேரம் அசைப்பேன். சங்கிலியின் தளர்ச்சியில் சக்கரம் ஒரு விரற்கடை போகும், வரும், அதோடு சரி. ஒரு வாரம் போனது. பத்து நாள் போனது. என் கணவர் ஒருநாள் கட்டையும் சுத்தியலும் எடுத்துவந்தார். நான் இரண்டையும் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். நூல் சோதிக்கிற வேலையில் ஒன்று பழகியிருக்கிறது. இழுக்கிற வேகம் கூடிவிட்டால் நல்ல நூலும் அறுந்துவிடும்.

பதினேழாம் நாள் என்று நினைக்கிறேன். நல்ல வெயில். சந்தில் யாருமில்லை. வழக்கம்போல அசைத்துக்கொண்டிருந்தேன். மனது மில்லில் நடந்த ஏதோ ஒரு பேச்சில் இருந்தது. கைக்கு ஏதோ வித்தியாசமாகப் பட்டது. ஒரு விரற்கடை போகிற சக்கரம் இரண்டு விரற்கடை போனது. சத்தம் எதுவும் வரவில்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு இன்னும் ஒரு தள்ளு தள்ளினேன். பிளக் துவாரத்தில், கறுத்த எண்ணெய், ஊற்றுக்கண்ணில் நீர் வருவதுபோல மெல்ல மேலே வந்து ததும்பி வழிந்தது. உள்ளே பிஸ்டன் மேலே ஏறுகிறது.

மூன்று வருடம் அசையாமல் நின்ற ஒன்று என் கைக்கு அசைந்தது. மகள் வயிற்றில் முதன்முதலாகப் புரண்டபோது இப்படித்தான், நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் மெக்கானிக்குக்குப் போன் செய்து, சக்கரம் அசைந்துவிட்டது என்றேன்.

“எண்ணெய் மேல வந்துச்சாக்கா?” என்றார் அவர்.

“வந்துச்சு.”

“அப்போ ஞாயித்துக்கெழமை வாறேன். அதுவரைக்கும் தொடாதீய.”

ஞாயிற்றுக்கிழமை இன்ஜினின் தலையைத் திறந்தார். வெளியே துருவும் உப்புமாகக் கிடந்த அந்தப் பெட்டியின் உள்ளே கோயில் பாத்திரம்போல எல்லாம் பளபளத்தது. சிலிண்டர் சுவரில், அதைச் செய்தபோது கீறிய சாய்கோடுகள் மெல்லிசாக அப்படியே இருந்தன. பிஸ்டன் ஒட்டி நின்ற இடத்தில் மட்டும் வளையல்போல ஒரு துரு வட்டம். அவ்வளவுதான். அந்த ஒரு வட்டம்தான் அத்தனை பெரிய உடம்பைக் கட்டிப்போட்டிருந்தது.

அதைப் பக்குவமாகத் தேய்த்து எடுத்துவிட்டு, பிஸ்டனுக்குப் புது வளையங்கள் போட்டார். பிறகு வால்வுகளைக் காட்டினார். வண்டி நிதானமாக ஓடும்போதே நிமிடத்துக்கு இரண்டாயிரம் தடவை இது திறந்து மூடும் என்றார். திறக்கிற நேரத்தை ஒரு சின்னச் சங்கிலி பார்த்துக்கொள்கிறது. அந்தச் சங்கிலி ஒரு பல் தள்ளி மாட்டினால் போதும், பிஸ்டன் வந்து வால்வை இடித்து எல்லாம் நாசமாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ஒரு வெற்றிலைக் கனம் இருக்குமா என்றேன். அதைவிடக் கொஞ்சம் கூடுதல் என்றார்.

என் கணவர் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தினமும் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிற மனிதர். ஒன்றின் உள்ளே இவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்ததே இல்லை.

“இதையா நான் இத்தனை வருசமா மிதிச்சுக்கிட்டு இருந்தேன்?” என்றார்.

அந்த மாதங்களில் எங்கள் வீட்டுக்கூடத்தில் வண்டிதான் இருந்தது, நாங்கள் ஓரமாக இருந்தோம். முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்தது, மாற்றினோம். பிரேக் ஒட்டியிருந்தது, பிரித்தோம். ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்கிற மாதிரி இருந்தது. உள்ளிருந்த பேரிங்கை எடுத்துப் பார்த்தால் நிஜமாகவே பள்ளங்கள் இருந்தன. அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் நேராகப் பார்த்தே போனதில் விழுந்த பள்ளம்.

பெட்ரோல் டேங்கின் உள்ளே துரு ஏறியிருந்தது. புளித்தண்ணீர் ஊற்றி ஒரு பிடி பழைய நட்டுகளைப் போட்டுக் குலுக்கச் சொன்னார் மெக்கானிக். கையால் எவ்வளவு நேரம் குலுக்குவது? மகளுக்குத் தொட்டில் கட்டிய கொக்கி உத்தரத்தில் அப்படியே இருந்தது. பழைய சேலையில் தொட்டில் கட்டி டேங்கைப் போட்டு ஆட்டினேன். அந்த நேரம் பார்த்து மகள் வீடியோவில் வந்தாள்.

“யம்மா, யாரைப் போட்டு ஆட்டுத?”

சொன்னேன். அவள் விடுதியறையிலிருந்த பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். உள்ளே நட்டுகள் கலகலவென்று உருண்டன. மூன்று நாள் ஆட்டியதில் வடித்த தண்ணீர் காப்பி நிறத்திலிருந்து மோர் நிறத்துக்கு வந்தது. உள்ளே டார்ச் அடித்தால் வெள்ளையாகத் தெரிந்தது.

எல்லாவற்றையும் பூட்டி முடித்த ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை வாசலுக்குத் தள்ளிவந்து ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. மெக்கானிக் பேட்டரியைப் பார்த்தார். ஃபியூஸைப் பார்த்தார். ஒயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவர் முகம் சுண்டிவிட்டது. என் கணவர் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். நான் சும்மா ஹேண்டிலைப் பார்த்தபடி நின்றேன். வலது கைப்பக்கம் சிவப்பாக ஒரு சுவிட்ச் இருந்தது.

“இது என்னத்துக்கு?”

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். அது அவசரத்துக்கு இன்ஜினை நிறுத்துகிற சுவிட்ச். துடைக்கும்போது எங்களில் யாரோ அதைத் தட்டி அணைத்துவிட்டிருந்தார். பவர் டில்லரில் அந்த இடத்தில் அப்படி ஒன்று கிடையாது என்று மட்டும் சொன்னார்.

சுவிட்சைத் தட்டிவிட்டு மறுபடி அமுக்கினேன். இருமியது. புகை வந்தது. இன்னொரு முறை இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. சந்து முழுக்க அந்தச் சத்தம் நிறைந்தது. கனமாக, நிதானமாக, ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிற மாதிரி. என் உள்ளங்கை வழியாக அது தோள்வரை ஏறியது. எதிர்வீட்டுச் சுவரில் உட்கார்ந்திருந்த மைனாக்கள் பறந்துபோயின. என் கணவர் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றார்.

நான் வண்டிக்காரருக்குப் போன் போட்டேன். அவர் எடுத்ததும் போனை இன்ஜினுக்குப் பக்கத்தில் பிடித்தேன். வெகுநேரம் கழித்துக் காதில் வைத்தபோது அந்தப் பக்கம் கடல் சத்தம் மட்டும் கேட்டது.

“கேக்குதா?” என்றேன்.

“கேக்கு.” கொஞ்சம் பொறுத்து, “ஒரு வால்வு லேசா சத்தம் குடுக்கு. ஆறுன பொறவு இடைவெளியைப் பாக்கச் சொல்லுங்க” என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்து, “இன்னொரு தடவை வையுங்கக்கா” என்றார். வைத்தேன்.

ஓட்டப் பழகினால் முதல் ஓட்டம் உங்கள் ஊருக்குத்தான் என்று அவரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“இப்போ வேண்டாம். கொஞ்ச நாள் போகட்டும். பாத்தா மனசு கெடந்து அடிக்கும்.”

“அப்போ முதல்ல எங்கன போக?”

“உங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு ஆறு ஓடுதுல்லா? அது எங்கன போய் முடியுதுன்னு பாத்திருக்கீயளா?”

நாற்பத்தாறு வருடமாக அந்த ஆற்றில் குளிக்கிறேன். அதன் தண்ணீரைத்தான் குடிக்கிறேன். முடிகிற இடத்தைப் பார்த்ததில்லை.

பழக இரண்டு மாதம் ஆனது. என் கால் இரண்டும் ஒருசேரத் தரையில் எட்டாது. சீட்டின் பஞ்சை அறுத்துக் குறைத்தும் எட்டவில்லை. நிறுத்தும்போது ஒரு பக்கமாக நகர்ந்து ஒற்றைக் காலை ஊன்றப் படித்தேன். பள்ளி மைதானத்தில் மூன்று தடவை விழுந்தேன். சுடிதார் போட்டுக்கொண்டு, தலைக்கவசத்தோடு, அவ்வளவு பெரிய வண்டியில் நான் போவதை மில் வாசலில் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள்.

ஒரு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, விடிந்த பிறகு, பாபநாசம் கோயில் படித்துறையில் வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீரைத் தொட்டோம். மலையிலிருந்து இறங்கி வந்த குளிர் அதில் அப்படியே இருந்தது. நான் ஓட்டினேன். என் கணவர் பின்னால் உட்கார்ந்தார். அம்பாசமுத்திரம் தாண்டுவதற்குள் இல்லாத பிரேக்கை அவர் நூறு தடவை மிதித்திருப்பார்.

“பைய, பைய. இங்கன ஸ்டாப்பு, ஆள் குறுக்க வரும்.”

“ஏங்க, இது உங்க பஸ்ஸு இல்ல.”

கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை. எல்லாம் அவர் தூக்கத்தில்கூட ஓட்டுகிற ஊர்கள். பச்சை வயலுக்கு நடுவில் கொக்குகள் நின்றன. வண்டியில் உட்கார்ந்த உயரத்துக்கு வரப்பைத் தாண்டி வாய்க்கால் தெரிந்தது. ஆறு ஒரு பக்கம் வரும், மறையும், மருத மரங்களின் வரிசையைப் பார்த்து அங்கேதான் போகிறது என்று தெரிந்துகொள்வோம். திருநெல்வேலியில் அவருடைய ரூட் முடிகிற பேருந்து நிலையத்தைக் கடந்தபோது பின்னாலிருந்து என் தோளைப் பிடித்தார். அதற்குப் பிறகு அவர் பிரேக்கை மிதிக்கவில்லை.

ஸ்ரீவைகுண்டத்தில் ஆறு, குறுக்கே கட்டிய அணையில் நின்று யோசித்துவிட்டு இறங்கியது. அதன் பிறகு வாழைத் தோட்டங்கள். ஏரல் தாண்டியதும் காற்று மாறியது. வயல் குறைந்து உப்பளங்கள் வந்தன. வெள்ளைக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. புன்னக்காயல் ஊருக்குள் நுழைந்து, ஆலயத்தைத் தாண்டி, மணல் தொடங்குகிற இடத்தில் வண்டியை நிறுத்தினேன். நடந்தோம்.

அங்கே ஆறு அவ்வளவு அகலமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் ஊரில் பாறைக்கு நடுவில் துள்ளிக்கொண்டு போகிற தண்ணீர், அங்கே சத்தமே இல்லாமல் பரந்து கிடந்தது. கடல் ஏறிவருகிற நேரம். உள்ளே வருகிற நீரும் வெளியே போகிற நீரும் முட்டிக்கொள்கிற இடத்தில் ஒரு நுரைக்கோடு விழுந்திருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பழுப்பு, அந்தப் பக்கம் நீலம். கோடு மெல்ல நெளிந்துகொண்டே இருந்தது. எந்தப் பக்கமும் தோற்கவில்லை. நான் காலையில் தொட்ட தண்ணீர் இங்கே வந்துசேர இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று எண்ணிப் பார்த்தேன். நான் அதற்கு முன்னால் வந்துவிட்டேன். அந்த நினைப்பே என்னை என்னவோ செய்தது.

படகில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒருவர் எங்களையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எங்கேருந்து வாறீய?”

“பாபநாசத்துலேர்ந்து” என்றேன்.

அவர் வலையைக் கீழே போட்டுவிட்டார். “தண்ணி வாற ஊர்லேர்ந்தா?” என்றார். தன் ஆட்களைப் பார்த்து, “ஏலே, இவங்க தண்ணி வாற ஊர்க்காரங்கலே” என்று சத்தம் போட்டார். அவர் அந்த ஊரைப் பார்த்ததில்லையாம். வெள்ளம் வரும்போது மூங்கிலும் பெரிய பெரிய மரங்களும் மிதந்துவரும், அப்போதெல்லாம் அந்த ஊரை நினைத்துக்கொள்வோம் என்றார். அங்கே மலை எவ்வளவு உயரம், அருவி எப்படி விழும் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரிந்ததைச் சொன்னேன். கோயில் விசேஷத்தைக் கேட்பதுபோல அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

என் கணவர் பேண்ட்டை மடித்துவிட்டு முழங்கால்வரை தண்ணீரில் இறங்கினார். ஒரு கை அள்ளி வாயில் வைத்தார்.

“பாதி நம்மளுது” என்றார்.

திரும்பும்போது அவர் ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்தேன். அவருக்கு வண்டியின் உயரம் சரியாக இருந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஹாரன் அடிக்காமல், வேகம் எடுக்காமல் ஓட்டினார். ஏரல் பாலத்தில் நிறுத்தச் சொன்னேன். இறங்கிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தோம். ஆகாயத்தாமரை ஒரு கொத்து, பூவோடு, அவசரம் ஏதுமில்லாமல் மிதந்து பாலத்துக்கு அடியில் வந்தது. நாங்கள் மறுபக்கச் சுவருக்குப் போய், அது வெளியே வரும்வரை காத்திருந்து, கடல் பக்கமாகக் கண்ணுக்கு மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றோம்.